ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்

பெரியமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எழிலரசி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதுப் பெண்ணுக்கு இது பிடிக்காது என்று தெரியும், தெரிந்தும் பிடித்துக்கொண்டாள். சாலையைக் கடக்கிற வரைக்கும்தான் என்று தனக்கே ஒரு சமாதானம். கடந்த பிறகும் விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மூன்றே முக்கால், வெயில் இறங்குவதாக இல்லை. நடைபாதையில் கால்பந்துகளை வலையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், தோல் வாசனையும் ரப்பர் வாசனையும் எங்கிருந்தோ பிரியாணி வாசனையும் சேர்ந்தே வந்தன. தோள்பையின் உள் ஜிப்பில் அந்தச் சீட்டு இருந்தது. குதிரைப் பயிற்சி மாஸ்டர் ஞானசிகாமணி எழுதிக் கொடுத்தது. ஹெல்மெட், குதிகால் உள்ள மூடிய ஷூ, முழுநீள பேன்ட். மூன்றே வரி. அதோடு அவள் வந்திருக்கலாம். "ஷூவுக்கு எதுக்கு சார் குதிகால்?" என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டாள். அவர் போலீஸ் குதிரைப்படையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், பால் பாக்கெட் விலையைச் சொல்வது மாதிரிச் சொன்னார்: "கால் வைக்கிற வளையம் இருக்கில்லம்மா, குதிகால் இல்லாட்டி பாதம் அதுக்குள்ள வழுக்கிப் போயி மாட்டிக்கும். புள்ள விழுந்தாலும் கால் அங்கயே நிக்கும். குதிரை இழுத்துட்டுப் போயிடும்." இழுத்துட்டுப் போயிடும். ஆறு நாளாக அந்த இரண்டு வார்த்தை அவளோடு வேலைக்கு வந்து, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குக்கர் விசில் எண்ணும்போது கூட நின்றது. கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். பதினாறு வருஷம். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ஆச்சு, விடுங்க. ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர். மனுஷ உடம்பில் எது எப்படியெல்லாம் உடையும் என்று மற்ற அம்மாக்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். மணிக்கட்டு எப்படி உடையும், காறை எலும்பு எப்படி உடையும், மாடிப்படியில் மூன்றாவது படியிலிருந்து விழுந்த குழந்தைக்கு எது உடையும். குதிரையின் முதுகு எத்தனையாவது படி? பன்னிரண்டா, பதிமூன்றா? ஒரு படி ஏழு அங்குலம் என்று வைத்தால், அவளாகவே கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டாள். எட்டாவது படி. எட்டாவது படியிலிருந்து விழுந்தவர்கள் யார் யார் என்று மனசு வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்ததும், "அம்மா, க… கடை," என்று அமுதினி கையை இழுத்தாள். போர்டைத் தாண்டிப் பத்தடி வந்திருந்தார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு சின்ன விஷயத்தில்தான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மாதவரம் பக்கம் ஒரு குதிரைப் பயிற்சி மைதானத்துக்கு ஒருநாள் கூட்டிப்போனார்கள். துணைக்கு நான்கு அம்மாக்கள் வேண்டுமென்றார்கள். எழிலரசிக்கு அன்று வாராந்திர விடுமுறை. பிள்ளைகளுக்கு ஜூஸ் பாட்டில் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு பழுப்புக் குதிரையின் கழுத்தோரம் அமுதினி நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தாள். முப்பதடி தூரம் இருக்கும், ஒரு சொல்லும் கேட்கவில்லை, உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அசைந்துகொண்டே இருந்தது. நிற்கவில்லை. தாடை இறுகவில்லை, கண்ணிமை துடிக்கவில்லை, தலை ஒரு பக்கமாக இழுக்கவில்லை. குதிரை ஒரு காதை மட்டும் அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தது. எழிலரசிக்குக் கையில் பாட்டில் இருந்தது ஞாபகம் இருக்கிறது, அதன் ஈரம் ஞாபகம் இருக்கிறது, வேறு எந்தப் பிள்ளைக்கு அதைக் கொடுத்தாள் என்பது ஞாபகமில்லை. நான்கு வயதில் ஆரம்பித்த திக்கல். முதலில் எல்லாரும் சிரித்தார்கள், பிறகு, யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று மாமியார் வீட்டில் கேட்டார்கள், பிறகு பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டரம்மாவிடம் வாரம் ஒருமுறை. அந்த டாக்டரம்மா அமுதினியிடம் பேசியதைவிட எழிலரசியிடம்தான் அதிகம் பேசினார். "அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க. அவளுக்கு என்ன வார்த்தைன்னு தெரியும். நீங்க எடுத்துக் குடுக்க வேணாம்." சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மருந்துக்கடை வாசலிலேயே, "தா… தா…" என்றவளுக்குத் "தாகமா? தண்ணி வேணுமா?" என்று எடுத்துக் கொடுத்தாள். இரண்டு வருஷமாகிறது. முடியவில்லை. மூன்று விநாடிதான், சில சமயம் ஐந்து. அந்த ஐந்து விநாடியில் குழந்தையின் முகம் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டு எந்த அம்மாவால் கை கட்டி நிற்க முடியும்? மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒருநாள், "பேர் என்னம்மா?" என்று கேட்டார்கள். "அ… அ…" அவ்வளவுதான், எழிலரசி "அமுதினி" என்று சொல்லிவிட்டாள், சிரித்துக்கொண்டே சொன்னாள், அவர்களும் நல்ல பேரு என்று சிரித்தார்கள். அமுதினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். கையிலிருந்த பொருளை யாரோ வாங்கி வைத்துக்கொண்டால், போகட்டும் என்று விடுகிற பெரியவர்களின் பார்வை. அதற்கப்புறம் யார் பேர் கேட்டாலும் அந்தப் பெண் அம்மாவைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். நீயே சொல்லிடு. குதிரை எடுத்துக் கொடுப்பதில்லை. அதற்கு வார்த்தை தெரியாது. பொறாமையாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பிராணி மீது.

அன்று சாயங்காலம் வீட்டில் அமுதினி, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒரே மூச்சில் கேட்க முயன்று, நான்கு இடத்தில் இடறி, கடைசிவரை வந்து கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. மாஸ்டர் வரச் சொன்னார். குதிரை மேல நான் நல்லா உட்கார்றேனாம். அப்போது அப்பா புகழேந்தி ஸ்ரீபெரும்புதூரில் இரண்டாம் ஷிஃப்டில் இருந்தார், இடைவேளையில் போன் வந்தபோது எழிலரசி சொன்னாள். முதலில் சிரித்தார். "குதிரையா? நம்ம வீட்டுலயா? அதெல்லாம் பெரிய எடத்துப் புள்ளைங்க சமாச்சாரம்மா. கராத்தே இருக்கு, பாட்டு இருக்கு." பிறகு மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார். "அவளா கேட்டா? வாயைத் தொறந்து முழுசா கேட்டாளா?" "கேட்டா." "அப்ப சேத்துடு. நீ பயந்தாலும் சேத்துடு." அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். அவர் எக்ஸ்ரே படம் பார்த்ததில்லை. வெள்ளை எலும்பில் கறுப்பாக விழுந்திருக்கிற கோடுகளை அவர் பார்த்ததில்லை. எழிலரசி வேறு வழியில் தப்பிக்கப் பார்த்தாள். ஒரு ஆன்லைன் கடையில் தேடி, குதிரைச் சவாரிக்கான பூட்ஸ், கால்சட்டை, கையுறை, மார்புக்கவசம் எல்லாம் கூட்டி, நம்மால் முடியாது கண்ணு என்று அந்தத் தொகையை மகளிடம் காட்டிவிடலாம் என்று நினைத்தாள். அது பொய்யில்லாத காரணம், யாரும் குறை சொல்ல முடியாத காரணம். போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பை விசாரிக்கப் போனபோது மாஸ்டரே அதைக் கெடுத்தார். "அதெல்லாம் எதுக்கும்மா? பெரியமேட்டுல நூருல்லா பாய் கடைக்குப் போங்க. புள்ளைங்க வளந்துட்டா பழசைக் கொண்டாந்து அங்கதான் குடுப்பாங்க. பாதி வெலைக்குக் கிடைக்கும்." ஆக, காரணம் ஒன்றும் மிச்சமில்லாமல், அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, இதோ.

கடை குறுகலாக, ரயில் பெட்டி மாதிரி உள்ளே உள்ளே போனது. முன்பகுதியில் கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு; பின்பகுதியில்தான் குதிரைச் சாமான். சேணங்கள் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. நூருல்லா பாய் அறுபதை ஒட்டியவர், வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. "மாஸ்டர் அனுப்பினாரா? வாங்க. யாருக்கும்மா, பாப்பாவுக்கா?" என்றவர் அமுதினியைப் பார்த்தே, "தலையைக் கொஞ்சம் குடு பாப்பா," என்று துணி அளக்கிற டேப்பை எடுத்தார். புருவத்துக்கு மேலே ஒரு விரல் அகலம் விட்டு, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி. "ஐம்பத்திரண்டு." ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். பிறந்தபோது முப்பத்துநான்கு. நர்ஸ் அளந்து அட்டையில் எழுதினாள், அதற்கப்புறம் தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் அளந்தார்கள், ஒரு வயதுக்கு மேல் யாரும் அளக்கவில்லை, எழிலரசியும் அளக்கவில்லை, எண்ணெய் வைத்தாள், பேன் பார்த்தாள், பின்னல் போட்டாள். அளக்காமலேயே அது பதினெட்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது. பாய் ஏணியில் ஏறி ஒரு ஹெல்மெட்டை இறக்கினார். கறுப்பு வெல்வெட், முன்னால் சின்ன விளிம்பு, உள்ளே மெத்தென்று சாம்பல் நிறத் துணி. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. "செகண்ட்ஹாண்ட்தான், ஆனா நல்ல சரக்கு. புதுசுல மூணுல ஒரு பங்கு குடுத்தாப் போதும்." அமுதினியின் கண் விரிந்துவிட்டது, கை நீண்டுவிட்டது. எழிலரசிக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. நல்லா இருக்கே, விலையும் கட்டுப்படியாகிறதே, வாங்கிக்கொண்டு ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடலாமே. ஆனால் கை பழகிய கை. ஹெல்மெட்டை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள், படத்தைப் பிடிப்பது மாதிரி, கொஞ்சம் சாய்த்து. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு குழந்தையின் மண்டையோட்டுப் படத்தில் வளைந்து வளைந்து போன ஒரு கோட்டைப் பார்த்துப் பதறி, படம் காயக்கூட விடாமல், டாக்டரிடம் ஓடியிருக்கிறாள். சார், விரிசல். அவர் பார்த்துவிட்டு, "முறிவு இல்லம்மா இது. எலும்பு வளர்றதுக்காக விட்டிருக்கிற எடம். எல்லாக் குழந்தைக்கும் இருக்கும்," என்றார். அன்று கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள், ஏன் என்று தெரியாமல். இப்போது வெல்வெட்டில் ஒன்றுமில்லை. உள்ளே துணியை ஒதுக்கி, வெள்ளை நுரைப் பகுதியைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வந்தாள். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. இடது பின்பக்கம் வந்ததும் விரல் நின்றது. அங்கே ஒரு பள்ளம். அரையணா அகலம்கூட இல்லை. நுரை உள்வாங்கி, பிறகு எழும்பி வராமல் அப்படியே இருந்தது, அதன் ஓரத்தில் முடியிழை போல ஒரு பிளவு.

"பாய்," என்றாள். "இது ஒருவாட்டி விழுந்திருக்கு." பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஹெல்மெட்டை வாங்கி, அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். "நான் பாக்கலம்மா. சத்தியமா பாக்கல. போன மாசம் ஒரு வீட்டம்மா கொண்டாந்து குடுத்தாங்க. பையன் குதிரையை விட்டுட்டான், வீட்டுல சும்மா கிடக்குன்னாங்க." ஏன் விட்டான் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தப் பையனுக்கு என்ன வயது இருக்கும், இதே ஐம்பத்திரண்டா, ஐம்பத்து மூன்றா, விழுந்த பிறகு எழுந்தானா, எழுந்து சிரித்தானா, அவனுடைய அம்மா எங்கே நின்றுகொண்டிருந்தாள், வேலிக்கு இந்தப் பக்கமா, கையில் ஜூஸ் பாட்டிலோடா. ஒருவேளை ஒன்றுமே ஆகாமல் இருக்கலாம். அடியை ஹெல்மெட் வாங்கிக்கொண்டது, மண்டை வாங்கவில்லை, அதற்காகத்தானே அது. இல்லை, ஒருவேளை ஹெல்மெட்டை அலமாரியிலிருந்து யாரோ தவறிப் போட்டிருக்கலாம். அப்படியே இருக்கட்டும். அந்தப் பையன் இந்த நேரம் எங்கேயோ மாடியில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருக்கட்டும். இப்படி அவள் யாரோ ஒரு பையனுக்காக வேண்டிக்கொண்டு நிற்க, பாய் மேஜை இழுப்பறையைத் திறந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். தாடைப் பட்டையை இரண்டு பக்கமும் கறக் கறக்கென்று வெட்டினார். வெட்டிய பட்டையைக் குப்பைக்கூடையில் போட்டு, ஹெல்மெட்டைக் கவிழ்த்து மேஜைக்கு அடியில் தள்ளினார். "ஒரு தடவை அடி வாங்கினது மறுதடவை காப்பாத்தாது. என் பேரன் தெரியாம எடுத்து வித்துடுவான்," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். "பூட்ஸ் பழசு வாங்கலாம். பேன்ட் வாங்கவே வேணாம், ஸ்கூல் டிராக் பேன்ட் போதும். ஹெல்மெட் மட்டும் புதுசு. அதுல மிச்சம் புடிக்காதீங்க."

புதுசு அழகாக இல்லை. சாம்பல் நிற பிளாஸ்டிக், வெல்வெட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது, பின்னால் திருகி இறுக்குகிற ஒரு சக்கரம். பாய் அதை அமுதினியின் தலையில் வைத்து, புருவத்துக்கு மேலே இரண்டு விரல் வைத்துப் பார்த்து, சக்கரத்தைத் திருகி, "தலையை ஆட்டு பாப்பா, இல்லல்லன்னு சொல்ற மாதிரி," என்றார். அவள் ஆட்டினாள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தது. "அது. தோல் அசையணும். ஹெல்மெட் மட்டும் தனியா அசைஞ்சா பெரிசுன்னு அர்த்தம்." அமுதினி மறுபடி ஆட்டினாள், தேவையில்லாமல், சந்தோஷத்துக்காக. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, க… க… க…" தாடை இறுகியது. பட்டைக்குள் இறுகியது இன்னும் நன்றாகத் தெரிந்தது. இமை துடித்தது. க, என்ன க, கனமாக இருக்கிறதா, கழுத்து வலிக்கிறதா, காது அழுத்துகிறதா, கழற்று என்கிறாள், பாவம் கழற்றச் சொல்கிறாள், வேர்க்கிறது, மூச்சு முட்டுகிறது, "கழட்டணுமா? இரு இரு, இரு கண்ணு," என்று எழிலரசியின் கை அவளுக்கு முன்னால் ஓடிப்போய்க் கொக்கியை அழுத்தி ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டது. அமுதினி முடி கலைந்து நின்றாள். பாய் எங்கோ பார்த்தார். "க… கண்ணாடி," என்றாள் அமுதினி, கடைசியில், மெதுவாக. "கண்ணாடி இ… இருக்கான்னு கேட்டேன்." அவ்வளவுதான். பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறாள். தன் தலையில் அது எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். தூணில் ஒரு கண்ணாடி இருக்கத்தான் இருந்தது, பாய் அதன் மேல் தொங்கிய ஜெர்சியை அவசரமாக விலக்கினார். "இங்க வா பாப்பா, போட்டுப் பாரு." அவள் "வேணாம்" என்று தலையசைத்துவிட்டு பூட்ஸ் இருந்த பக்கம் போய்விட்டாள். எழிலரசி அந்த சாம்பல் நிறப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நடந்தது போலிருந்தது. பழைய பூட்ஸ் ஒரு அலமாரி நிறைய இருந்தது, எல்லாம் யாரோ வளர்ந்துவிட்ட பிள்ளைகளுடையது. கணுக்கால் உயரம், பக்கவாட்டில் எலாஸ்டிக், அடியில் ஒரு அங்குலக் குதிகால். பாய் கீழே உட்கார்ந்து கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று தோலுக்கு மேலாக அழுத்திப் பார்த்தார். மூன்று ஜோடி போட்டுக் கழற்றினாள் அமுதினி, நான்காவது சரியாக இருந்தது. கண்ணுக்கு எதிரே மார்புக்கவசம் ஒன்று தொங்கியது. முதுகையும் விலாவையும் மூடுகிற, தடித்த பட்டைகள் வைத்த கவசம். "இது எவ்வளவு பாய்?" அவர் சொன்ன தொகை அவளுடைய அரை மாதச் சம்பளம். "சரி, அதையும் குடுங்க." எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முழங்காலுக்கு ஏதாவது இருக்கிறதா? முழங்கைக்கு? மணிக்கட்டு முதலில் போகும் பாய், விழும்போது எல்லாரும் கையைத்தான் ஊன்றுவார்கள், தினம் நான்கு மணிக்கட்டு பார்க்கிறேன் நான். கழுத்துக்கு? கழுத்துக்கு ஒன்றுமே கிடையாதா? அவள் கேட்டுக்கொண்டே போனாள், கடையை முழுவதும் வாங்கி, பெண்ணை அதற்குள் வைத்துப் பூட்டிவிடலாம் என்பது போல. பாய் எதையும் இறக்கவில்லை. "அம்மா. முதல் ஆறு மாசம் குதிரை நடக்கத்தான் செய்யும். மாஸ்டர் கயித்தைப் புடிச்சிட்டுக் கூடவே நடப்பாரு. நானே வியாபாரி, நானே சொல்றேன், இது இப்ப வேணாம். ஓடுற காலம் வந்தா வாங்க, அப்ப தரேன்." ஓடுற காலம். அது ஒன்று வேறு இருக்கிறது. எழிலரசி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தான் எதற்குப் பயப்படுகிறோம் என்று அப்போது ஒரு கணம் வெளிச்சமாகத் தெரிந்தது, தெரிந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. விழுவதற்கு இவ்வளவு பயமில்லை. விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அசைக்காமல் படுக்க வைத்து, படம் எடுத்து, கட்டுப் போட்டு, ஆறு வாரம். பத்து வயது எலும்பு தானாகச் சேரும். பயமெல்லாம், இந்தப் பெண் அந்த மைதானத்தில் அம்மா இல்லாமல் பேசுவாள் என்பதுதான். அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் பேசுவாள். அது நல்ல விஷயம் அல்லவா? நல்ல விஷயம்தான். ஆறு வருஷமாக அதற்காகத்தானே வேண்டியது. ஆனால் அந்த மூன்று விநாடிகளில் மகளுக்கு அம்மா தேவைப்பட்டாள். எந்த வார்த்தை வருகிறது என்று உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று எழிலரசி நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி தெரியவில்லையே. கழட்டு என்று நினைத்தாளே. இதுவரை எடுத்துக் கொடுத்ததில் எத்தனை தப்போ, எத்தனை தடவை அந்தப் பெண், சரி அதுவே இருக்கட்டும் என்று, தனக்கு வேண்டாத தண்ணீரைக் குடித்தாளோ.

பணம் கொடுத்து வெளியே வந்தபோது ஐந்தேகால். பூட்ஸ் பையில் போய்விட்டது, ஹெல்மெட் போகவில்லை. "போட்டுக்கிறியா?" என்று எழிலரசி கேட்டாள், கேட்டுவிட்டு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அமுதினி தானாகவே போட்டுக்கொண்டாள், கொக்கியைத் தடவித் தடவி மாட்டினாள், பக்கத்துக் கடைக் கண்ணாடிக் கதவில் ஒரு தடவை பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை. அயனாவரம் போகிற பஸ் வந்தது, கூட்டம் ஏறியிருந்தது, ஆனாலும் நடுவில் இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று எப்படியோ கிடைத்தது. ஜன்னலோரம் சாம்பல் நிற ஹெல்மெட்டோடு அந்தப் பெண் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டிருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். எழிலரசிக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு இல்லை. கண்டக்டர் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார், தடித்த மனிதர், விசிலை உதட்டோரத்தில் கவ்வியிருந்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "என்ன பாப்பா, பைக் ஓட்டப் போறியா?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். நெற்றித் தோல் சேர்ந்து அசைந்தது. "கு… குதிரை." "குதிரையா! அப்பிடிப் போடு." பின் சீட்டில் பூக்கூடை வைத்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "நெசக் குதிரையாடி? அதுக்குப் பேரெல்லாம் வெச்சிருக்காங்களா?" அமுதினி அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இ… இருக்கு," என்றாள். "என்ன பேரு?" என்றார் கண்டக்டர்.

"ப…" என்றாள் அமுதினி. "ப… ப…" எழிலரசியின் வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயில் ஒன்றுமில்லை. குதிரையின் பேர் அவளுக்குத் தெரியாது. ஆறு நாள், அதன் முதுகு எத்தனை படி உயரம் என்று நினைத்தாள், குளம்பு எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைத்தாள், பட்டாசு வெடித்தால் எந்தப் பக்கம் பாயும் என்று நினைத்தாள். பேர் என்ன என்று ஒரு தடவை கேட்கவில்லை. பாண்டியனா? பவளமா? பஸ் புரசைவாக்கம் ஸ்டாப்பிங்கில் நின்றது, ஆள் இறங்கி ஆள் ஏறியாகிவிட்டது, டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், ஒரு ஹாரன் அடித்தார். கண்டக்டர் விசிலை ஊதவில்லை. கம்பியைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். "ப… ப… ப…" தாடை இறுகியது, இமை துடித்தது, ஒரு விநாடி, இரண்டு, யாரோ ஒருவர் இருமினார், மூன்று. மற்றவர்களைப் போலவே எழிலரசியும் அந்த முகத்தைப் பார்த்தாள், மற்றவர்களைப் போலவே ஒன்றும் தெரியாமல், என்ன வரப்போகிறது என்று பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்த இறுகிய தாடையையும் துடிக்கிற இமையையும் மட்டுமே பார்த்திருக்கிறாள். அந்த இமைக்குள் இருந்த கண்ணைப் பார்த்ததில்லை. அது சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே நல்ல ஒரு வேடிக்கையை வைத்துக்கொண்டு, அது வெளியே வந்தால் இவர்களெல்லாம் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து, அந்தக் கண் சிரித்துக்கொண்டிருந்தது. நான்கு. ஐந்து.

"பரங்கிக்காய்," என்றாள் அமுதினி.

கண்டக்டரின் உதட்டிலிருந்து விசில் நழுவி மார்பில் விழுந்தது. "பரங்கிக்காயா!" பூக்கார அம்மாள்தான் முதலில் வெடித்தாள், அப்புறம் கம்பியைப் பிடித்து நின்ற கல்லூரிப் பையன்கள், அப்புறம் என்னவென்று தெரியாமலே முன்சீட்டில் இருந்தவர்கள். "ஆமா, வ… வயிறு இவ்ளோ பெருசு," என்று அமுதினி இரண்டு கையையும் அகட்டிக் காட்டினாள், ஹெல்மெட் ஜன்னல் கம்பியில் டக்கென்று இடித்தது, அவளும் சிரித்தாள். கண்டக்டர் விசிலைத் தேடி எடுத்து, சிரிப்பில் ஊத வராமல், இரண்டாவது தடவை ஊதினார். பஸ் நகர்ந்தது. எழிலரசிக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிட்டது, துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மகளின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"யாருடி வெச்சது அந்தப் பேரை?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் தெரியாதவளாக, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.